பௌத்த மனவிழிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புத்தர் கற்பித்த மனவிழிப்புப் பயிற்சிக்குப் புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றுக்கான பதில்கள் இங்கே. வரிசைப்படி படிக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் வேதனா பற்றிய கேள்வியை விட்டுவிட வேண்டாம். அது பிடிபடாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் மூச்சுப் பயிற்சியாகவே நின்றுவிடும்.

மனவிழிப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்?

உடலிலும் மனத்திலும் நடப்பதை, நடக்கும்போதே தெரிந்திருப்பது. பாலி நூல்கள் இதை ஸதி என்கின்றன. மைண்ட்ஃபுல்னஸ் என்ற பெயரில் இன்று பரவியிருப்பதும் இதிலிருந்து கிளைத்ததுதான். எல்லாம் முடிந்தபின் "அப்போது கோபத்தில் பேசிவிட்டேன்" என்று உணர்வது எல்லோருக்கும் வாய்க்கும். கோபம் ஏறிக்கொண்டிருக்கும்போதே அது ஏறுவது தெரிய வேண்டுமானால் பழக்கம் வேண்டும்.

பௌத்தம் இதைத் தனியாக விடுவதில்லை. ஸதியோடு ஸம்பஜஞ்ஞம் என்பதையும் சேர்த்தே பேசும். செய்வது எதற்காக, அது தகுமா என்ற தெளிவு அது. பூட்டை உடைப்பவனுக்கும் கூர்ந்த கவனம் உண்டு. அதை நல்விழிப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். எண்வழிப் பாதையில் நல்விழிப்பு ஏழாவதாக வருகிறது. அதற்கு முன்பே நற்பேச்சு, நற்செயல், நல்ல பிழைப்பு ஆகியவை வந்துவிடுகின்றன. இந்த வரிசைக்கு நடைமுறைக் காரணமும் உண்டு. பகலில் நாலு பேரிடம் பொய் சொல்லிவிட்டு மாலையில் கண்ணை மூடி உட்கார்ந்து பாருங்கள். முதலில் எழுந்து வருவது அந்தப் பொய்களாகத்தான் இருக்கும்.

புத்தர் இதை எங்கே கற்பித்தார்?

முதன்மையான உரை சதிபட்டான சூத்திரம். புத்தரின் உரைத் தொகுப்புகளில் (நிகாயங்கள்) ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தில் 10ஆவது சூத்திரமாக இருக்கிறது. அதன் விரிந்த வடிவம் தீக நிகாயத்தில் 22ஆவது. குரு நாட்டில் கம்மாஸதம்மம் என்ற ஊரில் பிக்குகளுக்குச் சொன்னதாக அது தொடங்குகிறது. கவனத்தை நிறுத்த நான்கு களங்களைச் சொல்கிறார்: உடல், வேதனா, மனநிலை, தம்மங்கள் (மனத்தில் எழுந்து அடங்குபவை).

உடல் என்ற பகுதி நாம் நினைப்பதைவிடப் பரந்தது. மூச்சில் தொடங்கி, நிற்பது நடப்பது உட்கார்வது படுப்பது வழியாக, கையை நீட்டுவது, மடக்குவது, மெல்வது, சுவைப்பது, மலசலம் கழிப்பது, பேசுவது, பேசாமலிருப்பது வரை இறங்குகிறது. தியானத்தைக் கழிப்பறை வரைக்கும் கொண்டுபோன உரை இது. தியானம் என்றால் பூட்டிய அறையும் ஊதுவத்தியும் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு பத்தியையே முதலில் படிக்கக் கொடுக்கலாம்.

மனநிலைப் பகுதியில் ஒரு நுட்பம் உண்டு. ஆசை உள்ள மனத்தை ஆசை உள்ள மனம் என்று அறிகிறான். சிதறிய மனத்தைச் சிதறிய மனம் என்று அறிகிறான் என்றே உரை போகிறது. அந்த இடத்தில் திருத்து, துரத்து என்ற சொல்லே இல்லை. அறிதல்தான் முதல் வேலை. நான்காவது களத்தில்தான் ஐந்து தடைகள் (புலனாசை, வெறுப்பு, சோம்பல், பரபரப்பு, ஐயம்) எப்படி எழுகின்றன, எப்படி அடங்குகின்றன என்ற ஆராய்ச்சி வருகிறது.

மூச்சுக்கென்றே தனி உரையும் இருக்கிறது. மஜ்ஜிம நிகாயத்தின் 118ஆவது சூத்திரமான ஆனாபானசதி, மூச்சை வைத்தே 16 படிகளில் நான்கு களங்களையும் கடந்து செல்கிறது.

வேதனா என்கிறார்களே, அது என்ன? அதற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

கண்ணிலோ காதிலோ உடலிலோ மனத்திலோ ஏதாவது ஒன்று வந்து படும்போது, அது இனிமையாகவோ துன்பமாகவோ இரண்டும் இல்லாமலோ படும். அந்தச் சுவைதான் வேதனா. அது இன்னும் கோபமோ ஆசையோ ஆகவில்லை. அவை பிறக்கும் இடம் அது. பௌத்தக் காரணத் தொடரில் தொடர்பிலிருந்து வேதனா, வேதனாவிலிருந்து வேட்கை, வேட்கையிலிருந்து பற்று என்று வரிசை போகிறது. பற்று எங்கே கொண்டு விடும் என்பதை மணிமேகலையில் சாத்தனார் நாலே வரியில் முடித்துவிடுகிறார்:

"பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம்
பிறவார் உறுவது பெரும்பேர் இன்பம்
பற்றின் வருவது முன்னது பின்னது
அற்றோர் உறுவது அறிக"

புலன்களில் ஏதாவது வந்து படுவதை நம்மால் நிறுத்த முடியாது. பட்டது கசக்கும்போது கசக்காமல் செய்யவும் முடியாது. ஆனால் கசப்பு வேட்கையாக மாறும் இடத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. மனவிழிப்பின் உண்மையான வேலைக்களம் அதுதான். உள் அமைதி என்று நாம் தேடுவது கிடைத்தால் அங்கேதான் கிடைக்கும் என்பது என் உறுதியான கருத்து. மூச்சைக் கவனிப்பதெல்லாம் அந்த இடைவெளியைப் பார்க்கும் அளவுக்குக் கண்ணைத் தெளிய வைப்பதற்காகத்தான்.

அலுவலக வாட்ஸாப் குழுவில் மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் உங்களைக் குத்தி ஒரு வரி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். படித்த அந்தக் கணத்தில் நெஞ்சு இறுகும், முகம் சூடாகும். அது துன்ப வேதனா. அடுத்த நொடியே "என்னை எப்படி இப்படிச் சொல்லலாம்" என்ற வாசகம் வரும். அதற்கும் அடுத்த நொடி விரல் பதிலைத் தட்டத் தொடங்கியிருக்கும். பழக்கமில்லாதவருக்கு இந்த மூன்றும் ஒரே நிகழ்ச்சி. நெஞ்சின் இறுக்கத்தை இறுக்கமாகவே ஐந்து நொடி உணர முடிந்தவருக்கு அவை மூன்று தனி நிகழ்ச்சிகளாகப் பிரிந்துவிடும். பதில் எழுத வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார். எழுதக்கூடாது என்று சட்டமில்லை. எழுதினாலும் அது அவர் எழுதியதாக இருக்கும்.

இனிமையான வேதனாவும் இப்படியே ஓடும். ஒரு படத்துக்கு விருப்பக்குறிகள் ஏறுகின்றன, உள்ளே ஒரு சிறு குளிர்ச்சி, உடனே இன்னும் எத்தனை என்று மறுபடி திறந்து பார்ப்பது. குளிர்ச்சியில் குற்றமில்லை. அதைத் தெரிந்துகொண்டே அனுபவிக்கலாம்.

மூன்றாவது வகையை யாரும் பேசுவதில்லை. நம் காலத்து அமைதியின்மைக்கு அதுவே பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. லிஃப்டுக்காக நிற்கிறோம், வரிசை மெதுவாக நகர்கிறது, கூட்டத்தில் யாரோ நமக்குச் சம்பந்தமில்லாததைப் பேசுகிறார்கள். இன்பமும் இல்லை, துன்பமும் இல்லை. கை தானாகவே ஃபோனுக்குப் போகிறது. சூளவேதல்ல சூத்திரத்தில் தம்மதின்னா என்ற பிக்குணியிடம், முன்பு அவருடைய கணவராக இருந்த விசாகர் வேதனாக்களைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்கிறார். இன்பமும் துன்பமும் அற்ற வேதனாவைப் பற்றித் தம்மதின்னா சொல்லும் பதில் வியக்க வைப்பது: அதை அறிந்திருந்தால் அது இன்பம், அறியாதிருந்தால் அது துன்பம். நாம் சலிப்பு என்று பெயர் வைத்திருக்கும் பெரும்பகுதி, அறியாமல் விட்ட இந்த வேதனாதான். அடுத்த முறை லிஃப்டுக்காக நிற்கும்போது ஃபோனை எடுக்கத் தூண்டும் அந்த லேசான அரிப்பைச் சற்று நின்று பார்த்துவிட்டு, பிறகு வேண்டுமானால் எடுங்கள். முழுப் பயிற்சியும் அந்த ஒரு நிமிடத்துக்குள் அடங்கும்.

அப்படியானால் வலியும் வருத்தமும் இல்லாமல் போய்விடுமா?

போகாது. சல்ல சூத்திரம் இதற்கு இரண்டு அம்புகளைக் காட்டுகிறது. பயிற்சி இல்லாதவருக்கு உடலில் வலி வரும்போது, கூடவே மனம் புலம்பி நொந்து இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறது. ஓர் அம்பு தைத்தவனை இன்னோர் அம்பாலும் எய்ததுபோல. பயின்றவருக்கு முதல் அம்பு மட்டும். புத்தருக்கே முதுகுவலி இருந்ததாகவும், அவர் படுத்துக்கொண்டு பேச்சைத் தொடரும்படி சீடரிடம் ஒப்படைத்ததாகவும் நிகாயங்கள் சொல்கின்றன. முதல் அம்புக்கு மருத்துவரிடம் போவதே சரி.

எப்படித் தொடங்குவது?

நேரத்தைக் குறைவாக வையுங்கள். நாளுக்குப் பத்து நிமிடம், முடிந்தால் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். முதுகை நேராக வைத்து உட்காருங்கள். மூக்கு நுனியிலோ வயிற்றிலோ மூச்சு தெளிவாகத் தெரியும் ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். நீண்ட மூச்சு வந்தால் நீண்டது என்று தெரிகிறது. குறுகியது வந்தால் குறுகியது என்று தெரிகிறது. மூச்சை நீங்கள் நடத்த வேண்டாம். பிராணாயாமம் பழகியவர்களுக்கு இதுவே கடினமான இடம், கை தானாகக் கடிவாளத்தைத் தேடும்.

சற்று நேரத்தில் மனம் போய்விடும். போனது தெரிந்த கணத்தை இழப்பாக எண்ணாதீர்கள். விழிப்பு திரும்பி வந்த கணம் அது. எங்கே போனது என்று மட்டும் பார்த்து (திட்டமிடல், பழைய சண்டை, பாட்டு) மூச்சுக்குத் திரும்புங்கள். ஒரு வாரத்தில் உங்கள் மனத்துக்குப் பிடித்த இரண்டு மூன்று ஊர்கள் எவையென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மூச்சு நிலைத்தபின், அமர்வின் கடைசிச் சில நிமிடங்களில் உடலில் எது இனிமை, எது துன்பம், எது இரண்டும் அற்றது என்று பாருங்கள். முழங்கால் வலி நல்ல ஆசிரியர். அசைய வேண்டும் என்ற தூண்டல் வரும்போது அந்தத் தூண்டலையே முதலில் பாருங்கள். பிறகு அசையலாம்.

எண்ணங்கள் நிற்கவே மாட்டேன் என்கின்றன. எனக்கு இது ஒத்துவராதோ?

நிறுத்தச் சொன்னது யார்? 2010இல் சயன்ஸ் இதழில் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இரு ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2,250 பேரின் அன்றாடத்தை ஐஃபோன் வழியாகக் கேட்டுப் பதிவு செய்து வெளியிட்டார்கள். கேட்ட தருணங்களில் 46.9 சதவீதத்தில், செய்துகொண்டிருந்த வேலையில் மனம் இல்லை. அப்படி அலைந்த நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது. ஆக இது உங்கள் தனிக்குறை இல்லை. மனித மனத்தின் வழக்கமே இது. முதல் சில வாரங்களில் எண்ணங்கள் கூடிவிட்டதாகத் தோன்றுவதும் இயல்பு. முன்பும் அத்தனை இருந்தன, எண்ணிப் பார்க்க ஆளில்லை.

உட்கார்ந்தாலே தூக்கம் வருகிறது.

இது புத்தரின் தலையாய சீடர்களில் ஒருவரான மொக்கல்லானருக்கே வந்த சிக்கல். அவர் உட்கார்ந்தபடி தூங்கி விழுவதைக் கண்டு புத்தர் வரிசையாக வழி சொல்கிறார்: தூக்கம் தரும் எண்ணத்தை மாற்று, கேட்ட தம்மத்தை நினை, வாய்விட்டு ஓது, காதுகளை இழுத்துவிட்டு உடலைத் தேய்த்துக்கொள், எழுந்து கண்ணைக் கழுவி நாலு திசையும் நட்சத்திரங்களையும் பார், ஒளியை மனத்தில் கொள், நட. இத்தனைக்கும் போகவில்லையென்றால்? படுத்துத் தூங்கு, விழித்ததும் உடனே எழு என்கிறார். பலருக்கு நோய் தியானத்தில் இல்லை, ஐந்து மணி நேர உறக்கத்தில் இருக்கிறது.

மிகையாக முயன்று தலைவலிதான் மிச்சம்.

சோணர் என்ற பிக்கு கால் பாதம் கிழியும்வரை நடந்து நடந்து பயின்றார். பயன் தெரியாமல் வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று எண்ணினார். துறவுக்கு முன் அவர் நன்றாக வீணை வாசித்தவர். நரம்பு மிக இறுகினாலோ மிகத் தளர்ந்தாலோ வீணை இசைக்குமா என்று புத்தர் அவரிடம் கேட்டார். உங்கள் நெற்றியும் தாடையும் இறுகியிருந்தால் நரம்பு எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

உட்காரவே நேரமில்லை. வேலை, குடும்பம், பயணம். எனக்கு வழி உண்டா?

உண்டு. இதற்கு எனக்குப் பிடித்த சான்று கோசல நாட்டரசன் பசேனதி. துறவியல்லன், அரசாங்கமும் போரும் அந்தப்புரமும் உள்ள மனிதன். ஒருநாள் வயிறு முட்டத் தின்றுவிட்டு மூச்சு வாங்க புத்தரிடம் வந்து அமர்ந்தான். விழிப்போடு, அளவறிந்து உண்பவனுக்கு வேதனைகள் குறையும், மூப்பு மெதுவாக வரும், ஆயுள் காக்கப்படும் என்ற பொருளில் புத்தர் ஒரு செய்யுள் சொன்னார். உபதேசம் கேட்டு உருகிவிட்டு மறந்துபோகும் ஆள் இல்லை பசேனதி. பின்னால் நின்ற சுதஸ்ஸனன் என்ற இளைஞனிடம் அந்தச் செய்யுளைக் கற்றுக்கொண்டு, ஒவ்வொரு வேளையும் தான் உண்ணும்போது அதைச் சொல்லச் சொன்னான். அதற்கு நாளொன்றுக்கு நூறு கஹாபணம் (அக்கால நாணயம்) கூலி. நாளடைவில் உணவு ஓர் அளவுக்குள் வந்தது, உடல் இலேசானது.

தனக்கு நினைவிருக்காது என்பதை ஒப்புக்கொண்டு, வேலை நடக்கும் இடத்திலேயே நினைவூட்ட ஓர் ஆளை வைத்தான் பாருங்கள், அங்கேதான் அவன் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. நூறு கஹாபணம் இல்லாத நாம் அன்றாடத்தில் தவிர்க்க முடியாத ஒரு செயலைச் சுதஸ்ஸனனாக வைத்துக்கொள்ளலாம்: கதவுக் கைப்பிடியைத் தொடுவது, மடிக்கணினியைத் திறப்பது, ஃபோன் அடிப்பது. ஃபோன் அடித்ததும் முதல் ஒலியிலேயே எடுக்காமல், ஒரு மூச்சு முழுவதையும் உணர்ந்துவிட்டு எடுப்பது நல்ல தொடக்கம். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். பத்து செயல்களுக்கு நினைவூட்டல் வைப்பவருக்கு ஒன்றும் நினைவிருக்காது.

நடப்பதையும் விட்டுவிடாதீர்கள். இருக்கையிலிருந்து தண்ணீர் எடுக்கப் போகும் இருபது எட்டு, பாதம் தரையில் படுவதைத் தெரிந்து நடக்கப் போதும்.

செயலிகள் போதுமா?

தொடங்குவதற்கு உதவும். ஆனால் தொடர்ச்சியாக இத்தனை நாள் என்று பதக்கம் தரும் செயலி, பதக்கத்துக்கான வேட்கையையும் சேர்த்தே வளர்க்கிறது. வழிகாட்டும் குரல் இல்லாமல் வாரத்தில் சில நாளாவது உட்கார்ந்து பழகுங்கள்.

விபாசனா முகாம், மகாசி முறை, எம்.பி.எஸ்.ஆர். என்று பல பெயர்கள். எது எனக்கு?

வேர் ஒன்று, கிளைகள் பல. இன்றைய பெரும்பாலான முறைகளின் தடம் பர்மாவுக்குப் போகிறது. லேடி சயடோ என்ற பிக்கு (1846–1923) பிக்குகளோடு நின்றிருந்த உள்நோக்குத் தியானத்தை இல்லறத்தாரிடையே பரப்பினார். மகாசி சயடோ (1904–1982) வயிறு எழுவதையும் தாழ்வதையும் குறித்து, எழும் ஒவ்வொன்றுக்கும் மனத்துக்குள் மெல்லப் பெயர் சொல்லும் முறையை 1949இலிருந்து ரங்கூனில் கற்பித்தார். அரசுத் தலைமைக் கணக்காளராக இருந்துகொண்டே தியானம் கற்பித்தவர் ஊ பா கின் (1899–1971). அவரிடம் பயின்ற எஸ்.என்.கோயங்கா (1924–2013) 1969இல் இந்தியா வந்து பத்து நாள் விபாசனா முகாம்களைத் தொடங்கினார். அந்த முகாமில் முதலில் மூச்சு, பிறகு உடல் முழுதும் உணர்வுகளைத் தலை முதல் கால் வரை நோக்குதல். பேச்சு இல்லை, ஃபோன் இல்லை, கட்டணமும் இல்லை. வேதனாவைக் கையால் தொட்டுக் காட்டும் முறை இது. ஆனால் கடுமையானது. நாளுக்குச் சுமார் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். ஒருமுறைகூட அரை மணி உட்கார்ந்திராதவர் நேரே அங்கே போவதை நான் ஊக்குவிப்பதில்லை.

வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் (1926–2022) நடையிலும் உணவிலும் பாத்திரம் கழுவுவதிலும் விழிப்பைக் கொண்டுவந்தவர். 1982இல் பிரான்சில் பிளம் வில்லேஜ் என்ற துறவற மையத்தை நிறுவினார். உட்காரப் பிடிக்காதவர்களுக்கு அவர் வழி இலகுவாக இருக்கும்.

எம்.பி.எஸ்.ஆர். என்பது 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-சின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி. தீராத வலியோடு வந்தவர்களுக்காகப் பிறந்தது. சமயச் சொற்கள் இதில் இருக்காது. மருத்துவச் சூழலில் கற்க விரும்புபவர்களுக்கு இது பொருந்தும்.

எதைத் தேர்ந்தாலும் குறைந்தது சில மாதம் அதிலேயே நில்லுங்கள். கடை கடையாய் ஏறி இறங்குவதும் ஒரு வேட்கைதான்.

பௌத்தனாக மாற வேண்டுமா? துறவியாக வேண்டுமா?

இரண்டும் வேண்டாம். இல்லறத்தில் இருந்துகொண்டே தம்மத்தை விளக்குவதில் முதன்மையானவர் என்று புத்தரே பாராட்டியவர் சித்தர் என்ற வணிகர். ஆனால் ஒன்று: இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்பதை மறைத்துவிட்டு வெறும் உத்தியாக விற்பதில் எனக்கு உடன்பாடில்லை. பௌத்த அடிப்படைகளை ஏற்க வேண்டாம், அறிந்துகொண்டால் பயிற்சி எங்கே போகிறது என்று புரியும்.

அறிவியல் ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

விளம்பரங்கள் சொல்வதைவிட அடக்கமாகச் சொல்கின்றன. 2014இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்த தொகுப்பாய்வு 47 சோதனைகளையும் 3,515 பேரையும் எடுத்துக்கொண்டது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மனவிழிப்புப் பயிற்சிகள் மிதமான பலன் தருவதாகக் கண்டது. உடற்பயிற்சி, மருந்து போன்ற மற்றச் சிகிச்சைகளைவிட மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் சொன்னது. 2022இல் வெளியான இன்னொரு சோதனையில் பதற்றக் கோளாறு உள்ள 276 பேரில் ஒரு பாதிக்கு எம்.பி.எஸ்.ஆர்., மறுபாதிக்கு எஸ்சிடலோபிராம் என்ற மருந்து. எட்டு வார முடிவில் பயிற்சி மருந்துக்குக் குறைவாகப் போகவில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. பிரிட்டனில் 85 பள்ளிகளில் 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த மிரியட் ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. வகுப்பறையில் எல்லோருக்கும் பொதுவாகக் கற்பித்த மனவிழிப்பு, வழக்கமான பாடத்தைவிட மனநலத்தில் மேலான பலன் தரவில்லை. பல மாணவர்கள் வீட்டில் பயிலவே இல்லை. கட்டாயப்படுத்திக் கண்ணை மூட வைக்கலாம், உள்ளே பார்க்க வைக்க முடியாது என்றுதான் இதை நான் படிக்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர நினைத்தால், அவர்கள் முன்னால் நீங்கள் ஃபோனைக் கீழே வைப்பதிலிருந்து தொடங்கலாம்.

இதில் ஆபத்து உண்டா? நான் மனநல மருந்து எடுத்துக்கொள்கிறேன்.

மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். எந்தத் தியான ஆசிரியர் நிறுத்தச் சொன்னாலும் அவரிடமிருந்து விலகுங்கள். மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்காகவே, அறிகுறிகள் தணிந்திருக்கும் காலத்தில் பயில, எம்.பி.சி.டி. என்ற தனிப் பயிற்சியைச் சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற மூவர் உருவாக்கினார்கள். மருத்துவருக்குத் தெரிந்து, அவர் சொல்லும் காலத்தில் அதில் சேருவது நல்லது.

பொதுவாகவும் ஒரு சிறு பகுதியினருக்குத் தியானத்தில் பதற்றம் கூடலாம். புதைந்த அதிர்ச்சி நினைவுகள் மேலே வரலாம். உடலிலிருந்து பிரிந்து நிற்பதுபோன்ற உணர்வு வரலாம். நீண்ட மௌன முகாம்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். அப்படி வந்தால் "தாங்கிக்கொண்டு தாண்டிப் போ" என்ற அறிவுரை தவறு. கண்ணைத் திறங்கள், எழுந்து நடங்கள், யாரிடமாவது பேசுங்கள், அமர்வைச் சுருக்குங்கள். சிலருக்கு மூச்சே பதற்றத்தைத் தூண்டும். அவர்கள் பாதத்தின் தொடுகையையோ வெளி ஓசைகளையோ வைத்துப் பயிலலாம். தற்கொலை எண்ணம், நாள்கணக்கில் உறக்கமின்மை, இல்லாத குரல்கள் கேட்பது என்றால் தியானத்தை ஒதுக்கிவிட்டு உடனே மருத்துவரிடம் போகவேண்டும்.

எல்லாவற்றையும் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் அநியாயத்தை யார் கேட்பது?

நியாயமான கேள்வி, மிகையான பயமும் இல்லை. ஊழியர்களைப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை மதியம் அரை மணி மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு வைக்கும் நிறுவனங்கள் உண்டு. அங்கே அம்பை எய்துகொண்டே இருப்பவர்தான் இரண்டாவது அம்பைப் பற்றி வகுப்பும் எடுக்கிறார். ஆள் எடுப்பதும் வேலை நேரத்தைக் குறைப்பதும்தான் அதற்கு மருந்து. அதைக் கேட்பதற்கு மனவிழிப்பு தடையில்லை.

திக் நாட் ஹானையே எடுத்துக்கொள்ளுங்கள். வியட்நாம் போரின் நடுவே, குண்டு விழுந்த கிராமங்களில் வேலை செய்ய இளைஞர்களைத் திரட்டியவர். போரை எதிர்த்துப் பேசியதால் பல பத்தாண்டுகள் நாட்டுக்குள் திரும்ப முடியாமல் இருந்தார். 1967இல் நோபல் அமைதிப் பரிசுக்கு அவர் பெயரை முன்மொழிந்தவர் மார்ட்டின் லூதர் கிங். மூச்சைக் கவனிக்கக் கற்பித்ததும் அதே மனிதர்தான். வேதனாவைப் பார்க்கத் தெரிந்தவர் கேட்க வேண்டியதைக் கேட்பார். கேட்டபின் இரவு முழுவதும் அதையே மனத்துக்குள் மறுஒளிபரப்பு செய்துகொண்டிருக்கமாட்டார்.

எத்தனை நாளில் அமைதி கிடைக்கும்?

சதிபட்டான சூத்திரத்தின் கடைசியில் ஒரு கணக்கு வருகிறது. இப்படி ஏழு ஆண்டு பயின்றால் விடுதலையோ அதற்கு முந்தைய படியோ கிட்டும் என்கிறார். பிறகு ஏழாண்டை விடு, ஆறு, ஐந்து என்று இறங்கி, ஏழு மாதம், அரை மாதம் தாண்டி, கடைசியில் ஏழு நாளில் வந்து நிற்கிறார். எல்லோருக்கும் ஒரே கெடு இல்லை என்பதை இதைவிட நயமாகச் சொல்ல முடியாது.

விடுதலையைக் குறிக்கோளாக வைக்காதவர்களுக்கு நான் சொல்வது: அமர்வு அமைதியாக இருந்ததா என்று அளக்காதீர்கள். கொந்தளிப்பான அமர்வு, கொந்தளிப்பைத் தெரிந்துகொண்டிருந்தால், நல்ல அமர்வே. அளப்பதானால் வெளியே அளந்து பாருங்கள். ஒரு சண்டைக்குப் பிறகு மனம் தணிய முன்பு இரண்டு நாள் ஆனது, இப்போது இரண்டு மணி நேரம் ஆகிறதா? எழுதி முடித்த காட்டமான மின்னஞ்சலை அனுப்பாமல் அழித்த சம்பவம் உண்டா? வீட்டில் உள்ளவர்களிடம் கேட்பது இன்னும் நல்லது. அவர்கள் உங்களுக்கு முன்பே கவனித்திருப்பார்கள். "தியானம் பண்ணிட்டு வந்துதான் அதிகமா எரிஞ்சு விழறே" என்று அவர்கள் சொன்னால் அதையும் நம்புங்கள், நரம்பு இறுகியிருக்கிறது.

மெத்தா தியானமும் செய்ய வேண்டுமா?

செய்தால் நல்லது. அன்பு எண்ணத்தை முதலில் தமக்கும், பிறகு வேண்டியவர், பழக்கமில்லாதவர், பிடிக்காதவர் என்று விரித்துக்கொண்டே போகும் பயிற்சி அது. தன்னைத் தானே கடுமையாகத் தீர்ப்பளிக்கும் மனம் உள்ளவர்களுக்கு மூச்சுத் தியானம் இன்னொரு பரீட்சையாக மாறிவிடும். அவர்கள் மெத்தாவிலிருந்தே தொடங்கலாம்.

சம்மணம் போட்டுத்தான் உட்கார வேண்டுமா? கண்ணை மூட வேண்டுமா?

நாற்காலி போதும். பாதம் தரையில் முழுதாகப் படட்டும். முதுகை முடிந்தவரை சாய்க்காமல் வையுங்கள். முதுகு ஒத்துழைக்காதவர்கள் படுத்தும் செய்யலாம், சதிபட்டானம் நான்கு நிலைகளில் படுத்தலையும் சேர்த்தே சொல்கிறது. தூக்கம் வரும் வாய்ப்பு மட்டும் கூடும். மூடிய கண்ணுக்குள் தூக்கமோ பதற்றமோ வந்தால் கண்ணை அரைவாசி திறந்து இரண்டடி தூரத்தில் தரையைப் பாருங்கள். சாப்பிட்ட கையோடு உட்காராதீர்கள்.